சார்ஜ் ஏறும் மூன்று மணி நேரம் ஆட்டோக்காரர் எங்கே உட்காருவார்?



மின்சார வண்டிகளுக்குச் சார்ஜ் போடும் நிலையங்களை "வரவேற்கும் இடங்களாக" அமைக்க வேண்டும் என்று படித்தவர்கள் இப்போது நிறையப் பேசுகிறார்கள். காபிக் கடை வேண்டுமாம். வைஃபை வேண்டுமாம். குழந்தைகள் விளையாட ஒரு மூலை, கண்ணுக்குக் குளிர்ச்சியாக நாலு தொட்டிச் செடி. இருக்கட்டும், வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் வரவேற்பு யாருக்கு என்று ஒரு கேள்வி இருக்கிறதல்லவா? கல்யாண வீட்டு வாசலில் பன்னீர்ச் செம்போடு நிற்கிறவன் யாரைப் பார்த்துத் தெளிக்கிறான், யாரைக் கண்டதும் செம்பைப் பின்னால் மறைக்கிறான் என்று பார்த்தாலே அந்த வீட்டின் லட்சணம் தெரிந்துவிடும்.

இந்தப் பெங்களூரில் நடந்ததைச் சொல்கிறேன். நம் சங்க உறுப்பினரான ஒரு சகோதரி எலெக்ட்ரிக் ஆட்டோ ஓட்டுகிறார். தருமபுரிப் பக்கத்துக்காரர். கணவர் கட்டட வேலையில் இடுப்பு ஒடிந்து வீட்டில் இருக்கிறார். ஒரு நாள் மத்தியானம் நகரின் கிழக்கே சவாரியை இறக்கிவிட்டுப் பார்த்தால் வண்டியில் சார்ஜ் பத்து சதவீதத்துக்குக் கீழே. போனில் தேடியதில் பக்கத்திலேயே ஒரு பெரிய வணிக வளாகத்தின் அடித்தளத்தில் சார்ஜிங் பாயிண்ட் இருப்பதாகக் காட்டியது. போனார். வாசலில் காவலாளி கையைக் குறுக்கே நீட்டிவிட்டார். "ஆட்டோவை உள்ள விடக் கூடாதுன்னு ஆர்டர்க்கா. விட்டா என் வேலை போயிடும்." பேச்சைக் கேட்டால் கிருஷ்ணகிரித் தமிழ்! ஒரே பஸ்ஸில் ஊருக்குப் போய் வருகிற இரண்டு பேர், ஒருவர் வண்டிக்குள், ஒருவர் யூனிஃபாரத்துக்குள். அந்தக் காவலாளியை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த "ஆர்டரை" எழுதியவன் மேலே ஏ.சி. அறையில் இருக்கிறான்.

சகோதரி வண்டியை உருட்டாத குறையாக இரண்டு கிலோமீட்டர் போய்ச் சாலையோரத்தில் வேறொரு பாயிண்ட்டைக் கண்டுபிடித்தார். அங்கே சார்ஜர் இருந்தது. வேறு எதுவும் இல்லை. நிழல் இல்லை, தண்ணீர் இல்லை, உட்கார ஒரு கல் இல்லை. வெயிலில் கொதிக்கும் வண்டிக்குள்ளேயே மூன்று மணி நேரம். "மத்ததெல்லாம் பொறுத்துக்கலாம்ணா. காலையில அஞ்சு மணிக்குக் கிளம்பினவ. எங்கே ஒதுங்கறது?" என்று அவர் சங்கக் கூட்டத்தில் கேட்டபோது, முன்வரிசையில் இருந்த ஆண்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நானும்தான்.

இந்த மூன்று மணி நேரத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பெட்ரோல் பங்க்கில் வண்டிக்கு ஐந்து நிமிஷம். சார்ஜிங் ஸ்டேஷனில் அப்படி இல்லை. நாம் ஓட்டும் ஆட்டோவின் பேட்டரி ஏழிலிருந்து ஒன்பது யூனிட் பிடிக்கும். 2017இல் அரசு வகுத்த "பாரத் ஏ.சி. 001" என்ற பெட்டியில் மூன்று இணைப்பு இருக்கும், ஒவ்வொன்றும் 3.3 கிலோவாட். அதில் போட்டால் முழுதாக ஏற மூன்று மணிக்கு மேல்கூட ஆகும். கார்களுக்கென்று வைக்கும் ஐம்பது, அறுபது கிலோவாட் சார்ஜரின் வாய் நம் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தாது. கம்பெனி சொல்லும் தூரம் ஒன்று. மூன்று பேரை ஏற்றி, மேம்பாலம் ஏறி, சில்க் போர்டு நெரிசலில் நின்று நமக்குக் கிடைக்கும் தூரம் இன்னொன்று. ஆகவே நடுப்பகலில் ஒரு தடவை சார்ஜ் போடாமல் நாள் ஓடாது.

காரில் வருகிறவருக்கு இந்த நேரம் பொழுதுபோக்கு. கடையில் துணி எடுப்பார், காபி குடிப்பார். சொந்த வீட்டில் சொந்த பார்க்கிங்கில் இரவெல்லாம் சார்ஜ் போடும் வசதியும் அவருக்கு உண்டு. வெளியில் போடுவது அவசரத்துக்குத்தான். ஆட்டோக்காரருக்கும், பொட்டலம் சுமக்கும் டெலிவரித் தம்பிக்கும் அது வேலை நேரம், கூலி இழக்கும் நேரம். அவர்கள்தான் தினமும் வருகிறவர்கள், அதிக நேரம் காத்திருப்பவர்கள். எவன் அதிகம் காத்திருக்கிறானோ அவனுக்குத்தானே திண்ணை கட்ட வேண்டும்? இங்கே என்றைக்கோ ஒரு நாள் எட்டிப் பார்க்கும் விருந்தாளிக்கு மெத்தை, அன்றாடம் வருகிறவனுக்கு வெயில்.

"வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாமே" என்று சிலர் புத்தி சொல்கிறார்கள். எந்த வீட்டில்? ஸ்ரீராமபுரத்திலும் ஓகளிபுரத்திலும் அல்சூர்ச் சந்துகளிலும் நாம் இருக்கும் பத்துக்குப் பத்து அறையிலா? வண்டி நிற்பது தெருவில், வீடு இரண்டாவது மாடியில். ஜன்னல் வழியே ஒயரை இறக்கினால் முதலில் வீட்டுக்காரர் சத்தம் போடுவார், அடுத்து மழை பெய்யும். அந்த ஒயரில் பக்கத்து வீட்டுக் குழந்தை கை வைத்துவிட்டால் யார் பதில் சொல்வது?

கணக்காகவும் பாருங்கள். கர்நாடக அரசின் கிருஹ ஜோதித் திட்டத்தில் 2023 ஆகஸ்ட் முதல் வீடுகளுக்கு மாதம் 200 யூனிட் வரை மின்சாரம் இலவசம். வாடகைக் குடும்பங்களுக்கும் உண்டு. நம் பெண்கள் நிம்மதியாக மூச்சுவிட்ட திட்டம் அது. ஆனால் முந்தைய உபயோகத்தின் சராசரிக்கு மேல் கொஞ்சம் கூட்டித்தான் இலவசம் தருகிறார்கள்; 200ஐத் தாண்டினால் முழு பில்லும் நம் தலையில். ஒரு ஆட்டோவுக்கு நாளுக்கு 8 யூனிட், மாதம் 26 நாள் என்றால் 208 யூனிட். வண்டி மட்டுமே தின்றுவிடும். விளக்கும் மிக்ஸியும் மின்விசிறியும் பிறகு.

சரி, வெளியே போட்டால்? அங்கே ஜி.எஸ்.டி. நிற்கிறது, நூற்றுக்குப் பதினெட்டு. இது எனக்கே முதலில் நம்பமுடியாமல் இருந்தது. இரண்டு தடவை விசாரித்தேன். மின்சார வண்டி வாங்கினால் வரி 5 சதவீதம். 2019 ஆகஸ்டில் 12இலிருந்து குறைத்தார்கள். சார்ஜர் என்ற இயந்திரத்துக்கும் அதே நாளில் 18இலிருந்து 5 ஆக்கினார்கள். வீட்டில் எரியும் மின்சாரத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. ஆனால் அதே மின்சாரத்தைப் பொது சார்ஜிங் ஸ்டேஷனில் வண்டியில் ஏற்றினால் அது "சேவை", 18 சதவீதம்! கர்நாடகத்திலேயே ஒரு மின் வினியோக நிறுவனம் கேட்ட கேள்விக்கு 2023இல் வரி முன்தீர்ப்பு ஆணையம் இப்படித்தான் பதில் சொன்னது. ஆக, வில்லா வீட்டுக்காரர் தன் கொட்டகையில் காருக்குப் போடும் யூனிட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. கொட்டகை இல்லாத ஆட்டோக்காரர் தெருவில் போடும் யூனிட்டுக்கு உண்டு. இயந்திரம் வாங்குகிற முதலாளிக்கு ஐந்து, அதில் வண்டியைச் செருகுகிற தொழிலாளிக்குப் பதினெட்டு. இதைவிடப் பச்சையாக ஒரு வரி எழுத முடியுமா?

டில்லியில் பணம் இல்லாமல் இல்லை. 2024இல் அறிவித்த பி.எம். ஈ-டிரைவ் திட்டத்துக்கு மொத்தம் 10,900 கோடி ரூபாய். அதில் 2,000 கோடி சார்ஜிங் நிலையங்களுக்கு. கார்களுக்கு 22,100 வேக சார்ஜர், பஸ்களுக்கு 1,800, இரண்டு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு 48,400. கூட்டினால் 72,300. மூன்றில் இரண்டு பங்கு நம் வண்டிகளுக்கு என்று அரசே காகிதத்தில் எழுதியிருக்கிறது, தோழர்களே. இது நாம் பிச்சை கேட்கும் விஷயம் அல்ல. காகிதத்தில் உள்ள அந்த 48,400 எங்கே வரப்போகின்றன, எப்படிப்பட்ட இடத்தில் வரப்போகின்றன என்பதுதான் கேள்வி. ஒரு சுவரில் நாலு பிளக் அடித்துவிட்டு "ஸ்டேஷன்" என்று கணக்கு எழுதிவிடலாம். எழுதுவார்கள். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருக்கும் எனக்குக் கணக்கு எழுதும் கலை கொஞ்சம் தெரியும்.

ரயில்வே என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் போட்ட ரயிலில் ஆயிரம் குறை உண்டு. மூன்றாம் வகுப்பு என்ற பெயரைக் கழற்றுவதற்கே 1974 வரை ஆயிற்று. ஆனாலும் ரயில் நிலையம் கட்டியவனுக்கு ஒன்று தெரிந்திருந்தது: இங்கே வருகிறவர்கள் ஒரே மாதிரி ஆட்கள் அல்ல, வந்தவர்கள் காத்திருப்பார்கள். அதனால் தண்ணீர்க் குழாய் வைத்தான், கூரை போட்டான், பெண்களுக்குத் தனி அறை வைத்தான், விசாரிக்க ஒரு ஜன்னலும் அதற்குப் பின்னால் ஒரு ஆளும் வைத்தான். அதே ரயில்வே, வண்டியை ஓட்டுகிற டிரைவரைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை. கழிப்பறை வைத்த முதல் இன்ஜின் ஓடியது 2016இல்தான். நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் இந்த நாட்டின் ரயிலை ஓட்டியவர்கள் அடக்கிக்கொண்டே ஓட்டினார்கள். பயணிக்குக் கட்டுகிறவன் ஓட்டுகிறவனை மறந்துவிடுவான்; நாம் சத்தம் போடாவிட்டால் சார்ஜிங் ஸ்டேஷனிலும் இதே கதைதான்.

பெட்ரோல் பங்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். டயருக்கு இலவசக் காற்று, குடிதண்ணீர், சுத்தமான கழிப்பறை, முதலுதவிப் பெட்டி, புகார்ப் புத்தகம், இவை எல்லாம் எண்ணெய்க் கம்பெனிகளின் விதிப்படி அங்கே இருந்தே ஆக வேண்டும். அளவில் சந்தேகம் என்றால் ஐந்து லிட்டர் அளவைக் கொண்டுவரச் சொல்லி நம் கண்முன்னே அளந்து காட்டச் சொல்லலாம். எத்தனை பங்க்கில் கழிப்பறைக் கதவு பூட்டிக் கிடக்கிறது என்பது வேறு விஷயம். விதி என்று ஒன்று இருப்பதால்தான் சாவியைக் கேட்டு நாம் சண்டை போட முடிகிறது. ஐந்து நிமிஷம் நிற்கும் இடத்துக்கு இவ்வளவு விதி என்றால், மூன்று மணி நேரம் நிற்கும் இடத்துக்கு எவ்வளவு வேண்டும்?

நிழல் விஷயத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மத்திய மின்துறை 2024 செப்டம்பரில் தந்த வழிகாட்டு நெறிகளின்படி, சூரிய மின்சாரம் கிடைக்கும் காலை 9 முதல் மாலை 4 வரை சார்ஜிங் நிலையங்களுக்கு மின்கட்டணம் மலிவாகவும் மற்ற நேரங்களில் கூடுதலாகவும் இருக்க வேண்டும். நியாயமான யோசனை, நமக்கும் மத்தியானம்தான் சவாரி குறைவு. ஆனால் மலிவு மின்சாரம் வேண்டுமானால் உச்சி வெயிலில் வந்து நில் என்று சொல்லிவிட்டுக் கூரை போடாமல் விட்டால் அதற்கு என்ன பெயர்? வெயிலில் காயும் பேட்டரிக்கும் அது நல்லதல்ல. மனுஷனுக்காகப் போடாவிட்டால் பேட்டரிக்காகவாவது ஒரு தகரம் போடுங்கள், நாங்கள் அதன் அடியில் ஒண்டிக்கொள்கிறோம்.

அடுத்தது அந்த "ஆப்" தொல்லை. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ஆப், ஒவ்வொன்றிலும் முன்கூட்டியே பணம் போட்டு வைக்க வேண்டும். இங்கே நூறு, அங்கே இருநூறு என்று போட்டு வைத்த பணம் தூங்குகிறது. இங்கிலாந்தில் 2023இல் விதி போட்டு, புதிதாக வரும் 8 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள பொது சார்ஜர்களில் கார்டைத் தொட்டாலே பணம் கட்டும் வசதி இருந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். டீக்கடையிலும் கீரைக்காரம்மாவிடமும் ஒட்டியிருக்கிற க்யூ.ஆர். அட்டையை இங்கே சார்ஜரில் ஒட்டுவதற்கு என்ன கேடு? போன் செத்துப்போனால் காசு வாங்கிக்கொள்ள ஒரு ஆள் இருந்தால் என்ன? ஆள் வைத்தால் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பதுதான் விஷயம். ஆளில்லாத நிலையத்தில் இயந்திரம் நின்றுபோனால் பெட்டியில் எழுதியிருக்கும் நம்பருக்குப் போன் போட்டு, ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்று ஆங்கிலத்தில் பாட்டுக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு பெண் டிரைவர் தனியாக அப்படி நிற்பதை நினைத்துப் பாருங்கள். அவருக்கு வரவேற்பு என்றால் நல்ல வெளிச்சம், பார்வைக்கு ஒரு மனுஷர், உள்ளே தாழ்ப்பாள் உள்ள ஒரு கழிப்பறை. தொட்டிச் செடியை அவர் கேட்கவில்லை.

மொழியைப் பற்றி நம்மவர்களுக்குள் ஒரு பேச்சு இருக்கிறது. தமிழில் போர்டு கேட்கலாமா என்று இளைஞர்கள் சிலர் கேட்டார்கள். வேண்டாம் என்பது என் கருத்து. இது கன்னட மண். போர்டு முதலில் கன்னடத்தில் இருக்கட்டும், கூடவே படம் போட்டுக் காட்டட்டும். எழுத்தே தெரியாதவருக்கும் புரியும். 1991 டிசம்பரைக் கண்ணால் பார்த்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நம் வண்டிக்குப் பக்கத்தில் வெயிலில் காத்திருக்கும் மண்டியா அண்ணனுக்கும், சிவாஜிநகர் பாயிக்கும், பீகார்த் தம்பிக்கும் அந்த ஆங்கில ஆப் நமக்கு எவ்வளவு புரிகிறதோ அவ்வளவுதான் புரிகிறது. கேட்பதை அவர்களோடு சேர்ந்து கேட்டால்தான் நடக்கும்.

உடல் ஊனமுற்ற தோழர்களை நாமும் மறந்துவிட்டோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் வருகிற ஒருவர் இரண்டு கார்களுக்கு நடுவே உள்ள சந்தில் வண்டியை விட்டு இறங்க முடியாது. சார்ஜர் ஒரு முழ உயர மேடைமேல் இருந்தால் கை எட்டாது. காருக்கான கேபிள் மலைப்பாம்பு மாதிரி கனக்கும். இதற்கெல்லாம் அளவு வகுத்து இங்கிலாந்தில் 2022இல் தனி நியதியே வெளியிட்டார்கள்: எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம், கேபிளைத் தூக்க எவ்வளவு பலம் என்று. நம் நாட்டிலும் 2016ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அணுகும் வசதி என்பது விருப்பப்பட்டால் செய்யும் தர்மம் அல்ல, கட்டாயம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. மேடையை இடித்துத் தரைமட்டமாக்க எத்தனை மூட்டை சிமென்ட் ஆகும்?

"பேட்டரி மாற்றும் நிலையம் வந்துவிட்டது, இரண்டே நிமிஷம், காத்திருக்கவே வேண்டாம், நீங்கள் ஏன் பழைய கதை பேசுகிறீர்கள்" என்று ஒரு எஞ்ஜினியர் நண்பர் என்னை மடக்கினார். உண்மைதான், டெலிவரித் தம்பிகள் பலருக்கு அது கைகொடுக்கிறது. ஆனால் ஒரு கம்பெனியின் பேட்டரி இன்னொரு கம்பெனி வண்டியில் உட்காராது. அந்தக் கம்பெனி வாடகையை ஏற்றினால் வண்டியை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வது? வண்டி நம்முடையது, உயிர் அவனுடையது என்று ஆகிவிடும். மாற்றுகிறவர் மாற்றட்டும். சொந்த பேட்டரி வைத்திருப்பவருக்கு பிளக்கும் நிழலும் வேண்டும்.

நம் ஆட்களிலேயே சிலர் வேறு விதமாகச் சொல்கிறார்கள்: "இது பணக்காரன் விவகாரம், நமக்குக் கேஸ் ஆட்டோ போதும்." அவர்களுக்கு நான் சொல்வது, ஊருக்கு முந்தி இந்த வண்டியைக் கடன் வாங்கி ஓட்டுகிறவன் நம்மவன். 2001இல் இதே பெங்களூரில் ரேவா கார் வந்தபோது அது வசதிக்காரர் பொம்மையாக இருந்தது. இன்றைக்கு ஆட்டோ, ஸ்கூட்டர், சரக்கு வண்டி என்று கூலிக்கு ஓடுகிறவர்களிடம் வந்துவிட்டது. மாதத் தவணையைக் கட்டுவது நாம். நமக்கு இதில் பேச்சில்லை என்றால் வேறு யாருக்கு?

நல்லது நடக்காமலும் இல்லை. 2025இல் சென்னை மாநகராட்சி அண்ணா நகரில் டெலிவரித் தொழிலாளருக்கென்று சாலையோரத்தில் குளிர்வசதி செய்த ஓய்வறை கட்டித் திறந்தது. உட்கார இடம், கழிப்பறை, போனுக்குச் சார்ஜ். போனுக்குச் சார்ஜ் போடும் அறையையும் வண்டிக்குச் சார்ஜ் போடும் இடத்தையும் அடுத்தடுத்து வைக்க முடியாதா? பெரிய விஞ்ஞானம் ஒன்றும் தேவைப்படாது.

ஆகவே சங்கம் ஒரு மனு தயாரித்திருக்கிறது. நகரின் ரயில் நிலையங்கள், பஸ் நிலையங்கள், மார்க்கெட்டுகள் ஆகியவற்றின் முகப்பில் மூன்று சக்கர, இரண்டு சக்கர வண்டிகளுக்கென்றே சார்ஜிங் இடம் ஒதுக்க வேண்டும். இப்படிப்பட்ட பொது இடங்களில் வைத்தால் செலவில் பெரும்பகுதியை ஈ-டிரைவ் திட்டமே மானியமாகத் தருகிறது. ஒவ்வொன்றிலும் கூரை, பெஞ்சு, குடிநீர், பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, இரவு பகல் ஒரு ஊழியர், அவருக்கு நியாயமான சம்பளம். பொது மானியமோ பொது இணைப்போ பெற்ற எந்த நிலையத்திலும் ஆட்டோ என்ற காரணத்துக்காக யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. பதினெட்டு சதவீத வரியை ஐந்தாக்கச் சொல்லி நிதியமைச்சருக்குத் தனியாக ஒரு கடிதம்.

கையெழுத்து வேட்டை ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்குச் சங்க அலுவலகத்தில் தொடங்குகிறது. வண்டி நம்பரையும், கடைசியாகச் சார்ஜ் போட்ட இடத்தில் எத்தனை மணி நேரம் நின்றீர்கள் என்பதையும் பெயருக்கு எதிரே எழுதுங்கள். வீட்டுப் பெண்களையும் அழைத்து வாருங்கள்; கழிப்பறை பற்றிய பகுதியை அவர்கள்தான் திருத்தி எழுதப் போகிறார்கள். கன்னடத்தில் எழுதித் தர இரண்டு தோழர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வண்டியில் எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்று மட்டும் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். சங்க அலுவலகத்திலும் இப்போதைக்கு ஒரே ஒரு பிளக்தான் இருக்கிறது.